புதுச் சாமியின் தொப்பியும் அளவெடுத்த துண்டும்

அனுப்புபவர்:
டோரீன் லியனார்ட்,
கொழுந்து பறிப்பவர், மாதர் சங்கத் தலைவி,
மேற்பிரிவு, 4ஆம் இலக்க லயம்,
கொட்டகலை.

பெறுநர்:
வண. பிதா குருமுதல்வர் அவர்கள்,
ஆயர் இல்லம்.

விடயம்: குருவானவரின் தொப்பியைத் தெரிவு செய்யும் உரிமையை எங்கள் சங்கத்திடமிருந்து எடுத்தமை பற்றிய முறைப்பாடு

வணக்கத்துக்குரிய பிதா அவர்களே,

1. எங்கள் தோட்டத்துக் கோவிலுக்குப் புதிதாக வரும் குருவானவர் (எங்கள் வாயில் ‘சாமி’) மாதா பவனியில் அணியும் தொப்பியை, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களே தெரிவு செய்து கொடுப்பது வழக்கம். எங்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பவரின் தலைக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. வேறெந்தத் தீர்மானத்துக்கும் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதையும் தாழ்மையுடன் சொல்லிவைக்கிறேன்.

2. இவ்வருடம் வந்தவர் வண. பிதா ஜூட்சன். பழைய முறைத் தொப்பியே தமக்கு விருப்பம் என்றார். ஹட்டன் தையற்காரர் மூன்று படங்களைக் காட்டினார். உச்சியில் ஒட்டி நிற்கும் சின்ன வட்டத் தொப்பி எங்கள் காற்றுக்குத் தாங்காது. அகன்ற விளிம்புத் தொப்பி மழைக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத் துரையின் தொப்பியைப் போலவே இருந்தது. அதை எங்கள் சாமியின் தலையில் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே கறுப்பு நாலுமூலைத் தொப்பியைத் தெரிவு செய்தோம்.

3. அளவெடுத்தவள் நான். பிழையும் என்னுடையது. கூடைக் கயிறு தலையை அறுக்காதிருக்க, துண்டை மடித்து வைத்து அதன்மேல்தான் கயிற்றை மாட்டுவோம். இருபத்தாறு வருடப் பழக்கத்தில், சாமியின் தலையிலும் துண்டை மடித்து வைத்து அதற்கு மேலே நாடாவைச் சுற்றிவிட்டேன். அவரும் தலையைக் குனிந்து கொடுத்தார்.

4. திருநாளன்று தொப்பி அவர் புருவத்துக்கு இறங்கியது. கோவில் படியில் தடுமாறினார். சனம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, லயத்து வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த ஞாயிறே பங்குச் சபைச் செயலாளர் திரு. துஷாந்த் எழுந்து, "இதெல்லாம் படிச்சவங்க பாக்க வேண்டிய வேலை" என்று சொல்லி, இனித் தொப்பியை டவுன் ஆட்களின் குழுவே தெரிவு செய்யும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். அக்குழுவில் ஒரு பெண்ணும் இல்லை, கூடை சுமந்தவரும் இல்லை.

5. அன்று படியில் நடந்த மீதியைத் தீர்மானத்தில் எழுதவில்லை. சாமி என்னைக் கூப்பிட்டு, என் தோளில் கிடந்த துண்டைக் காட்டி, "டோரீன் அக்கா, அந்தத் துண்ட குடுங்க" என்று கேட்டார். முன்பு நான் மடித்தது போலவே மடித்து, தலையில் வைத்து, அதன்மேல் தொப்பியை அணிந்தார். கச்சிதமாக நின்றது. மழையிலும் காற்றிலும் பவனி முடியும்வரை அசையவில்லை.

6. அளவில் பிழைவிட்டதற்கு என்னை எப்படியும் கண்டியுங்கள். அடுத்த முறை எங்கள் சங்கத்து ஷாமிலா அளவெடுக்கட்டும். ஆனால் ஒருத்தியின் கை செய்த பிழைக்காக எல்லாப் பெண்களின் வாயையும் அடைப்பது நியாயமாகப் படவில்லை. ஆயர் ஆண்டகை அந்தத் தீர்மானத்தை ஏற்குமுன், எங்களையும் அழைத்து விசாரிக்குமாறு மன்றாடிக் கேட்கிறேன்.

தொப்பியை அளவு குறைத்துத் தைத்துத் தருகிறேன் என்று சாமியிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். துண்டையும் இன்னும் திருப்பித் தரவில்லை. நான் அதைக் கேட்கப் போவதுமில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
டோரீன் லியனார்ட்
(ஒப்பம்)

இடம்: கொட்டகலை
திகதி: 2024.09.23