வயிற்றுவலிக்காரியாகப் போகிறேன்

முனீஸ்வரி,

சோறு வடித்துவிட்டேன். நெத்திலிக் குழம்பைச் சுட வைத்துக்கொள். நேற்று மாதிரி கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதே.

பத்து மணிக்கு அந்த நர்சிங் காலேஜ் ஏஜெண்ட் வருவார். காபி கொடு. "மார்க் சீட் ஒரிஜினலக் குடும்மா, இடத்தப் பிடிச்சு வச்சிருவோம்" என்பார். ஒரிஜினல் அவர் கைக்குப் போய்விட்டால், அரசாங்கக் கவுன்சிலிங்கில் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்தாலும் நாம் அவரிடம் கெஞ்ச வேண்டும். பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறேன். உன்மேல் சந்தேகமில்லை, அந்த ஆள் நன்றாகப் பேசுவார்.

"டிப்ளமோ படிச்சா யாரு மதிப்பாக? ஒனக்குக் காசுதான் பெருசு" என்று அழுதாயே. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ஒரு சிஸ்டரிடம் கேட்டேன். அவள் அரசாங்கக் காலேஜில் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், பிறகுதான் பி.எஸ்சி. படித்தாளாம். "எந்தக் காலேஜுன்னாலும் அவுக ஆஸ்பத்திரியில நோயாளி இருக்காகளான்னு பாருங்கக்கா. வெறுங்கட்டில வச்சு என்னத்தப் படிக்க?" என்றாள்.

அதைப் பார்க்கத்தான் மதுரைக்கு, ஏஜெண்ட் சொல்லி நீ ஆசைப்பட்ட அந்த பி.எஸ்சி. காலேஜுக்கே போகிறேன். பிள்ளையைச் சேர்க்க வந்தேன் என்றால் ஆபீசிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். வயிற்றுவலி என்று அவர்கள் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு உள்ளே போய்விடுவேன்.

அம்மா

கோழியை அடைக்க மறக்காதே.

அங்கே படிக்கிற பிள்ளை யாராவது ஊசி போட வந்தால் கையை நீட்டுவேன். பதறாமல் போட்டால் நீ அங்கேயே சேர்ந்துகொள், மிளகாய்க் காட்டை ஒத்திக்கு விட்டுப் பணம் கட்டலாம். ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும் என்பது உனக்குத்தான் தெரியும், உன் அய்யாவிடம் சொல்லாதே.