பெயிண்ட் வாளியில் உங்கள் பன்னீர் ரோஜா

அக்கா,

உங்கள் பழைய ரொட்டிக் கத்தி என் மடியில் இருக்கிறது. எத்தனை முறை துடைத்தும், மூக்கருகே கொண்டு போனால் வேரும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனை போகவில்லை.

முதலில் நல்ல சேதி. மூத்த பேத்தி ஸ்கூல் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ. பேரன் இன்ஜினியர் ஆகிவிட்டான். பாயான் பாருவில் நீங்களும் நானும் குனிந்து குனிந்து சிப்பில் கம்பி ஒட்டினோமே, அதுபோன்ற ஒரு ஃபேக்டரியில் கழுத்தில் அட்டை தொங்க நடக்கிறான். சின்னவளுக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது போதாதா? ஃப்ளாட் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வந்தது வேறு. அது வாயில் வரவில்லை என்றுதான் பிள்ளைகளை முன்னால் நிறுத்துகிறேன்.

உங்கள் பன்னீர் ரோஜா சாகப் போகிறது, அக்கா.

நீங்கள் போன பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்த அந்த வாளியை நான் கவனிக்காமல் விடவில்லை. வாடினால் உரம், மஞ்சளடித்தால் மறுபடியும் உரம். இப்போது இலை ஓரமெல்லாம் கருகல். ஊற்றுகிற தண்ணீர் நொடிகூட நிற்காமல் அடித்துளை வழியே ஓடுகிறது. உள்ளே மண்ணே இல்லை, எல்லாம் வேர்.

செய்ய வேண்டியது தெரியும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் செய்ததுதான். வாளியைப் படுக்க வைத்து உருட்டி, தட்டி, செடியை இழுத்தெடுப்பீர்கள். வேர் சுற்றிச் சுற்றி வாளியின் வடிவத்திலேயே நிற்கும். இந்தக் கத்தியால் சுற்றிலும் அறுப்பீர்கள். நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

“ஏன்டி ஓடுற? பேரனுக்கு மொட்டை போட்டப்ப ஓடுனியா?”

“அது முடி, அக்கா. இது உயிரு லா!”

“எல்லாம் வளரும். கீழ எவ்வளவு வெட்டுறோமோ மேல அவ்வளவு வெட்டணும், அதை மட்டும் மறந்திறாத.”

மறக்கவில்லை. துணியத்தான் இல்லை.

பெர்த்தில் இருக்கும் உங்கள் மகள் மாதாமாதம் படம் கேட்பாள். செடி ஆறு பூவோடு நின்ற நாளில் எடுத்த படத்தை அனுப்பினேன். அடுத்த மாதமும் அதையே. அதற்குப் பிறகும் மாதாமாதம் அதையே. பேரப்பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரு செடியைக் காப்பாற்றத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

இன்று காலை எழுதியிருக்கிறாள்: “சின்னம்மா, படத்துல பின்னாடி சீனப் புத்தாண்டு விளக்கு தொங்குது. இப்ப தீபாவளியே வரப்போகுது! புதுப் படம் போடுங்க. அம்மா திவசத்துக்கு அடுத்த வாரம் வரேன். அந்தப் பூதான் வைக்கணும்.”

வெட்டினால் அடுத்த வாரம் பூ இருக்காது. வெட்டாவிட்டால் செடியே இருக்காது.

எழுந்து போகிறேன், அக்கா.

*

வந்துவிட்டேன்.

வாளி லேசில் விடவில்லை. பேரனைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. உருட்டினேன், தட்டினேன், திட்டினேன். கடைசியில் வந்தது, கயிற்றுச் சுருள் மாதிரி. முதல் அறுப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தி விரலில் பட்டதும் திறந்துகொண்டேன். மூன்றில் ஒரு பங்கு வேர் போயிற்று. மேலேயும் அவ்வளவு. புது மண் போட்டு, வெயில் படாத மூலையில் வைத்தேன். மிஞ்சியது நாலு குச்சி.

அதைப் படம் எடுத்து உங்கள் மகளுக்கு அனுப்பினேன். ‘இதுதான் இன்றைய படம். முன்பு அனுப்பியதெல்லாம் பழசு. பிழைக்குமா தெரியவில்லை. பூ இல்லை, கண்ணு’ என்று கீழே எழுதினேன்.

பார்த்துவிட்டாள், நீல அடையாளம் விழுந்தது. போனையே பார்த்து நின்றதில் அடுப்பில் சோறு குழைந்து போயிற்று. பிறகு ஒரே வரி:

“பச்சை இருக்கா? அம்மா நகத்தால கீறிப் பார்ப்பாங்க.”

கீறினேன். முதல் குச்சி பழுப்பு. இரண்டாவது பழுப்பு. மூன்றாவதும். நாலாவதைத் தொடக் கை வரவில்லை, அக்கா. தொட்டேன். தோலுக்கு அடியில் நூல் அகலத்துக்குப் பச்சை.

அதையும் அனுப்பினேன். “அந்தக் குச்சி போதும் சின்னம்மா, பூ வேணாம்” என்றாள்.

சோப்பு போட்டுக் கை கழுவியாயிற்று. பச்சையைக் கீறிய அந்த ஒரு நகத்தை மட்டும் கழுவாமல் விட்டுவைத்திருக்கிறேன். அவளிடம் நானும் ஒன்று கேட்டிருக்கிறேன்: “நீயும் உன் புதுப் படம் ஒன்னு போடு கண்ணு. சிரிச்ச படம் வேணாம். இப்ப எப்படி இருக்கியோ, அப்படி.”