கதவுக்கு அடியில் போன பூனை

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. உடம்புக்கு என்றேனே தவிர மனசுக்கு என்று சொல்லவில்லை, கவனித்திருப்பாய். போனில் சொல்லாமல் எழுதுகிறாளே என்று பயப்படாதே, நம் வீட்டுச் சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, உன் தம்பி அறைக் கதவுக்கு உண்டு. நீ அவனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வேலை அதிகம், தூங்குகிறான் என்று நான் மழுப்பியது அதனால்தான்.

வீட்டுக்குப் பிளான் போடும் அந்த ஆபீசில் அவனை எல்லோர் முன்னாலும் திட்டி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஏதோ மாடிப்படியில் அளவு தப்பிவிட்டதாம், தப்பு இவனுடையதா மேலே இருப்பவனுடையதா, எனக்குத் தெரியாது. வந்தவனிடம் உன் அப்பா, "படிக்கட்டுகூட ஒழுங்கா போடத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடா பென்சிலு" என்று ஒரு வார்த்தை விட்டார். வெந்த புண்ணில் வேல். அன்றைக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவன்தான், மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. நாங்கள் வேலைக்குப் போனபிறகு குளிக்கிறான் போல, பாத்ரூம் ஈரமாக இருக்கும். கதவருகே வைக்கும் தட்டு பாதி காலியாகி வெளியே வரும். கூப்பிட்டால் "ம்" என்பான், சில நாள் அதுவும் இல்லை. ஒருநாள் அப்பா கதவை உடைக்கக் கடப்பாரையோடு வந்தார், நான் குறுக்கே நின்றேன். கூட வேலை பார்ப்பவள் சொன்ன மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "பலவந்தம் வேண்டாம்மா, பேச்சுவார்த்தை மட்டும் விட்டுப்போகாம பாத்துக்குங்க, சாப்பாட்ட அறவே விட்டா உடனே கூப்பிடுங்க" என்றார். பேச்சே இல்லாத வீட்டில் எதை விடாமல் பார்ப்பது?

இதற்கு நடுவில் நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர் படம் போடச் சொல்லிக்கொடுத்தாள். பெரிய வட்டம் உடம்பு, சின்ன வட்டம் தலை, இரண்டு முக்கோணம் காது, பூனை. நானும் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து போட்டேன். பக்கத்தில் இருந்த வாண்டு எட்டிப் பார்த்து, "ஆயா, உங்க டீ கெட்டில் நல்லாருக்கு" என்றது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்து, என்ன தோன்றியதோ, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாள் தட்டின் மேல் அந்தத் தாள் இருந்தது. வாலை அழித்து இடம் மாற்றியிருந்தான், ஓரத்தில் 'வால் முதுகுல முளைக்காதும்மா' என்று எழுதியிருந்தான். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே. அதிலிருந்து தினம் ஒன்று, சதுரமும் முக்கோணமும் வீடு, நீளச் சதுரமும் இரண்டு வட்டமும் பஸ், அவன் திருத்தி அனுப்புவான். "அம்மா படிக்கிறா, புள்ள மார்க் போடுறான், நல்ல குடும்பம்" என்று அப்பா கிண்டல் செய்தார், ஆனால் பென்சிலைச் சீவி வைத்தது அவர்தான்.

போன வாரம் புத்தி கெட்டுப்போய் அவன் முகத்தையே வரைய உட்கார்ந்தேன். முட்டை வடிவம் வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. கன்னம் ஒட்டிவிட்டதா, தாடி வளர்ந்திருக்கிறதா, ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியவில்லை. வெறும் முட்டைக்குக் கீழே 'இது நீ' என்று எழுதித் தள்ளிவிட்டேன். அன்று தட்டு தொடாமல் வந்தது. மறுநாளும் அப்படியே, தாளும் வரவில்லை. வேலைக்குப் போகாமல் கதவில் காதை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரைக் கூப்பிடலாம் என்று எழுந்தபோது தாழ்ப்பாள் திறந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். ஹேங்கரில் மாட்டியதுபோல் சட்டை தொங்குகிறது, தாடி கழுத்தை மறைக்கிறது. கையில் அந்த முட்டை. "தெரியலன்னா கேக்க வேண்டியதுதானேம்மா, இந்தா, பாத்துப் போடு" என்று நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தான். நான் போட்டதில் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. அந்நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றாமல் நின்றார். எதையாவது சொல்லித் தொலைப்பாரோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெல்ல வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மூக்கு என் மூக்கு, அத மட்டும் கெடுத்துடாத" என்றார். தம்பி சிரிக்கவில்லை, அவரை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். படம் முடிந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அந்த நாற்காலியை எடுக்கப்போனேன், அப்பா எடுக்க விடவில்லை. நேற்று மறுபடி வந்து உட்கார்ந்தான். டாக்டரிடம் போகலாமா என்றேன், "பாக்கலாம்" என்றான். பார்க்கலாம் என்பது மாட்டேன் இல்லையே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பொழுது போகிறது.

நீ போனில் அவனுக்குப் புத்தி சொல்லாதே கண்ணு, ஏன் எதற்கு என்றும் கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே வண்டி ஓட்டாதே, மாப்பிள்ளையையும் கவனித்துக்கொள். நீங்கள் இருவரும் மனம் குளிர வாழ வேண்டும். உன் முகத்தை நீயே வரைந்து அவன் பேருக்குத் தபாலில் போடு, மறந்துவிடாதே. உனக்கும் வரைய வராது என்று எனக்குத் தெரியும். நன்றாக வந்தால் கிழித்துப்போட்டுவிடு, கோணலாக வந்ததை அனுப்பு. அப்போதுதான் அவன் பென்சில் எடுப்பான்.

உன்னையும் தம்பியையும் ஒரே வயிற்றில் சுமந்த
அம்மா