பல்கனியில் வீமன்

ஜனவரி 20, திங்கள். சரியான குளிர்.

அப்ப நீரே சொல்லும் வைரவரே, நாய் உம்முடைய வாகனம்தானே? பிறகு ஏன் கீழ்வீட்டு வீமனை இந்தப் பனியில் விட்டிருக்கிறீர்? பின்பல்கனியில் கட்டி இன்றைக்கு மூன்றாம் நாள். தண்ணீர்ச் சட்டி கல்லாய் உறைந்து கிடக்கிறது. முன்கால் ஒன்றை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

வீமனை வளர்க்கிற பாஸ்கரனைப் படியில் பிடித்தேன்.

"தம்பி, நாய் விறைக்குதடா. உள்ளுக்கு விடன்."

"பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு அக்கா. மயிர் கொட்டுது. ஊரில உங்கட நாய் என்ன, கட்டிலிலயே படுத்தது?"

"ஊரில பனி கொட்டினதே?"

சிரித்துக்கொண்டு போய்விட்டான். நல்ல பெடியன்தான். கோயிலில் எனக்கு இருக்கக் கதிரை பிடித்துத் தருகிறவன்.

வாங்க: உளுந்து, கற்பூரம், முழங்காலுக்கு எண்ணெய்.

21, செவ்வாய். தேய்பிறை அட்டமி.

வடை சுட்டு உம்முடைய படத்துக்கு மாலை போட்டேன். தேவாரம் பாதியில் கீழே முனகல். திரும்பத் தொடங்கினேன். திரும்ப முனகல். பாடி முடிக்கவில்லை, மன்னியும்.

இரண்டு வடையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மணந்து பார்த்தான். தொடவில்லை.

மகள் ஆரணி கத்தினாள். "வெங்காயம் நாய்க்கு நஞ்சம்மா!"

"படையல் வடைக்கு ஆரடி வெங்காயம் போடுறது?"

"இங்க நாய் மேசை கதிரை மாதிரிச் சாமான் இல்லையம்மா. உணர்வுள்ள சீவன் எண்டு சட்டத்திலயே இருக்கு. சாப்பாடு, தண்ணி, குளிருக்கு மறைப்பு, நோய் வருத்தமெண்டால் டொக்டர். எல்லாம் சொந்தக்காரர் பார்க்கோணும். நகரசபைக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ."

"அதுக்கு உணர்வு இருக்கெண்டு சொல்லச் சட்டம் வேணுமே?"

மெத்ரோ ரயிலுக்கு ஓடிவிட்டாள். சொல்வது சுகம். பாஸ்கரனின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இது போய் அதில் இடித்தால்? கைக்குழந்தையோடு எங்கே போவார்கள்? எங்கட ஆட்களுக்குள் 'காட்டிக் குடுத்தவள்' என்று ஒருக்கால் பெயர் வந்தால் அது சுடலை வரைக்கும் கூட வரும்.

22, புதன்.

தேத்தண்ணீர் மூன்று தரம் ஆறியது. இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திரும்பவும் கீழே போனேன்.

"கால் சீழ் வைச்சிட்டுது தம்பி. டொக்டரிட்டைக் கொண்டு போ."

"வேலையில லீவு இல்லை அக்கா. சனிக்கிழமை பார்ப்பம்."

சனி வரைக்கும் அது தாங்காது. போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள் நகரசபையில் ஒருத்தி. விலாசம் மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

24, வெள்ளி. விரதம். பனி கொஞ்சம் விட்டிருக்கிறது.

காலை நகரசபை இன்ஸ்பெக்டர் பெண் ஒருத்தி வந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வீமனைப் போர்வையில் சுற்றி வைத்தியரிடம் கொண்டு போனாள். கால் தப்புமாம். உமக்கு ஒரு தேங்காய்.

கொஞ்ச நேரத்தால் பாஸ்கரன் மேலே வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்கள் அக்கா."

"இரு தம்பி, தேத்தண்ணி குடி."

"வந்தவள் கழுத்துப்பட்டியில இருக்கிற லைசென்ஸ் நம்பரை எழுதிக்கொண்டு போறாள். அதில பதிஞ்ச ஆளுக்குத்தான் கடிதம் வருமாம், விசாரணையும் அவரோடதானாம்."

அவன் போன பிறகு உமக்கு முன்னால் இருந்து அழுதேன். அந்தக் கடிதம் அவனுடைய வழக்கைக் கெடுக்கக்கூடாது என்று கேட்டேன்.

இப்போதுதான் நினைவு வருகிறது. வீமன் வந்த கோடையில் பாஸ்கரனுக்கு விலாசம் காட்ட ஒரு கரண்ட் பில்கூட இல்லை. நாய் லைசென்ஸ் எடுக்க என்னுடைய பில்லோடு நான்தான் நகரசபைக்குப் போனேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்.