மேற்குச் சுவரில் ஒரு கதவு

அம்மா,

நம் வீட்டு மேற்கு அறையில் இப்போது ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்து முகத்தில் படும். நீ படுத்திருந்த நாள்களில் அங்கே தைல வாசனையும் நெல் மூட்டை வாசனையும் கலந்து கிடக்கும். நெல் தூசி மூச்சிரைப்பைக் கூட்டும் என்று அப்பா மூட்டைகளைக் கொட்டகைக்கு மாற்றியபோது, "நெல்லு வாசம் இல்லாத வீட்ல நான் எதுக்குக் கெடக்கணும்?" என்று கோபித்துக்கொண்டாய். இன்று பார்த்தால் என்ன சொல்வாயோ. சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். உன் கட்டில் இருந்த இடத்தில் டாக்டரம்மாவின் மேசை.

உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, அப்போது எனக்கு அது வருத்தமாகக்கூட இல்லை. பள்ளியில் வாயைத் திறந்து பேச வேண்டும். வீட்டில் எனக்காக நீ பேசுவாய். பூதலூர் கடைத்தெருவில் நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று முந்தானையை இழுப்பேன். "இவ வாயத் தொறக்க வாடகை கேப்பா. பச்ச வளையல் வேணுமாம், எடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாய். இழுப்பதை வைத்தே பச்சையா சிவப்பா என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ.

நீ போனது சதய நட்சத்திரத்தில். "அடைப்பு இருக்கு" என்றார்கள். அந்த நட்சத்திரத்தில் போனவர்களை வாசல் வழியாக எடுக்கக் கூடாதாம். சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்து, கையோடு அதை மூடிவிட வேண்டுமாம். திரும்பி வர வழி தெரியக் கூடாது என்று. உன்னைத் தூக்கியவர்கள் குனிந்து குனிந்து அந்த ஓட்டையைத் தாண்டினார்கள். ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட, நான் அங்கேயே நின்று செங்கல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கல் வைத்ததும் வெளிச்சம் நின்றுபோனது. அத்தை வந்து என் தலையைப் பிடித்துத் திருப்பினாள்.

ஆறு மாதம் வீட்டைப் பூட்டி வைத்தோம். பக்கத்துத் தெருவில் சித்தப்பா வீட்டுக்குப் போனவர்கள், அடைப்பு முடிந்த பிறகும் திரும்பவில்லை. அப்பாவால் அந்த வீட்டில் படுக்க முடியவில்லை. வாடகைக்கு வரவும் ஆளில்லை. கடைசியில் வந்தது தஞ்சாவூரிலிருந்து ஒரு டாக்டரம்மா. அடைப்பைப் பற்றிச் சொன்னபோது, "அதனால என்னங்க, வீடு நல்லா காத்தோட்டமா இருக்கே" என்று மட்டும் சொன்னார். கூடத்தில் நோயாளிகள் உட்கார, பழைய சாமான் அறையில் மருந்துகள், மேற்கு அறையில் அவர் பார்ப்பது என்று பேச்சு முடிந்தது.

ஒன்றுதான் இடித்தது. முன்வாசல் படி உயரம், அதைத் தாண்டி உள்ளே போகும் ரேழியோ குறுகல். ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மேற்கு அறைக்கு வெளியிலிருந்து நேராக ஒரு கதவும் சாய்தளமும் வேண்டும் என்றார் டாக்டரம்மா. கொத்தனார் சுவரைத் தட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டுப் பூச்சு ஒட்டாமல் அங்கே மட்டும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது.

"இங்க முன்னமே ஒடச்சுப் பூசியிருக்கீங்க போல. இங்கயே போட்டா சுலுவா முடிஞ்சிரும்."

அத்தைக்கு வந்ததே கோபம். "யோவ், அவ திரும்பி வரக் கூடாதுன்னுதான்யா அதை அடைச்சது. அதையே வாசலா வைப்பியா? வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு."

"வேற பக்கம் வைங்களேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"வேற பக்கம் கெணறு இருக்குங்க, அந்தாண்ட அடுத்த வீட்டுச் சுவரு" என்றார் கொத்தனார்.

டாக்டரம்மா சங்கடத்தோடு கைப்பையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வேண்டாங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"அங்கயே ஒடைங்க."

சொன்னது நான்தான் அம்மா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தி! ஊமச்சி வாயத் தொறந்துட்டா. தொறந்ததும் என்ன பேச்சு பேசறா பாரு!" அப்பா என்னையே பார்த்தார். பிறகு, "புள்ள சொல்றாப்ல செய்ங்க" என்றார்.

ஏன் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். திறந்தால் நீ வருவாய் என்று நினைத்தேன். உனக்கு வர மனமில்லாமல் இல்லை, நாங்கள் வழியை மூடிவிட்டதால்தான் நீ வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்று அந்த மாதங்கள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். மழை பெய்த நாளிலெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளினிக் திறந்த அன்று விடிந்ததும் போனேன். டோக்கன் கொடுக்கும் வேலையை டாக்டரம்மா எனக்குத்தான் தந்திருந்தார். அந்தக் கதவை விரியத் திறந்து வைத்து, தண்ணீர் தெளித்து, நீ போடும் கோலத்தையே போட்டேன். பிறகு கதவோரம் நின்றேன். வயல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. ஒரு பூனை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் ஒரு பெண், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "உள்ள வரலாமாங்க?" என்றாள். "வாங்க" என்றேன். ஒரு தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாங்க என்றேன். வந்துகொண்டே இருந்தார்கள் அம்மா. பகல் முழுக்க யார் யாரோ வந்தார்கள்.

சுவர் மூடியிருந்தவரை நீ எங்கேயோ இருந்தாய். வழிதான் இல்லை. இப்போது இவ்வளவு அகலமாக வழி இருக்கிறது. நீ இல்லை. நீ செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா கிளம்பியதும் சாவியோடு வந்தேன். சாய்தளத்தின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அந்தச் சுவர்ப் பக்கமே வராதவர்.

"பூட்டட்டுமாப்பா?"

அவர் உள்ளே பார்க்கவில்லை, வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்மா. சித்த நேரம் கழிச்சுப் பூட்டிக்கலாம்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னும் தினமும் அப்படித்தான், எல்லோரும் போன பிறகு நானும் அப்பாவும் கொஞ்ச நேரம் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம்.