டீச்சர் வந்த வேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இரு.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நானும் அழுது கெடுத்துவிடுவேன். குரல் பதிவு அனுப்பலாமென்றால், அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது உடம்பு கூசுகிறது.

முதலில் ஒன்று. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார், தூங்குகிறார் என்று சொன்னேனே, அது பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். உன் பெயரைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் நீ எனக்கு அனுப்பிய குரல் பதிவு ஞாபகமிருக்கும். “ஓட்டு மெஷின் ஏத்திக்கிட்டு எந்த வண்டி போனாலும் விடாதீங்க. உள்ளே மாத்திக்கிட்டிருக்காங்க. உள்ள இருக்கறவங்களே எங்கிட்ட சொன்னாங்க” என்றாய். உன் குரல் நடுங்கியது. கேட்ட கையோடு அதைத் தெருக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சும்மா போடவில்லை. ‘என் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், அவனே சொல்கிறான்’ என்று பெருமையாக எழுதிப் போட்டேன்.

அன்று மாலையே என் தையல்கடை எதிரே ஒரு வேனை மறித்துவிட்டார்கள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு நானும் ஓடினேன். பின்கதவைத் திறந்தால் உள்ளே நிஜமாகவே மெஷின் பெட்டிகள். அவ்வளவுதான், கூட்டத்துக்கு வெறி வந்துவிட்டது. வீட்டு டிவியைத் தட்டித் தட்டி ஓடவைக்கிற முடிவெட்டுகிறவர் உட்பட எல்லோரும் மெஷின் நிபுணர் ஆகிவிட்டார்கள்.

முன்சீட்டிலிருந்து இறங்கியது யார் தெரியுமா? நம் கணக்கு டீச்சர். நீ பத்தாம் வகுப்பில் கணக்கே வராது என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தபோது, பள்ளி விட்டதும் உன்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்களே, அதே டீச்சர். தேர்தல் வேலையில் அவர்களைப் போட்டிருக்கிறார்கள்.

“இது ஓட்டு போட்ட மெஷின் இல்லப்பா, எங்களுக்குப் பழகக் கொடுத்தது. திருப்பி ஒப்படைக்கப் போறோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சி மெஷின் என்று ஒட்டவேண்டிய சீட்டை அலுவலகத்தில் ஒட்டாமலே ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கூடக் காவலுக்கு ஒருவரும் இல்லை. டீச்சர் அதிகாரிக்குப் போன் போட்டால் அந்த மனிதர் எடுக்கவேயில்லை. பிறகு எப்படி நம்புவார்கள்?

அப்போதுதான் யாரோ உன் குரலைச் சத்தமாக வைத்தார்கள். டீச்சர் சட்டென்று நின்றார்கள். “இது யாரு பேசறது?” என்று கேட்டார்கள். “தையல்கடை அக்காவோட தம்பி. படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. டீச்சரின் கண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“எனக்குத் தெரிஞ்ச டீச்சர், விடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் என்னிடம் துணி தைக்கிறவர்கள்தான், கேட்டிருப்பார்கள். ஆனால் உன்னைப் பொய்யனாக்கிவிடுவேனோ என்று நாக்கு எழவில்லை. யாரோ டீச்சரின் கைப்பையைப் பிடுங்கினார்கள். தள்ளுமுள்ளு. நான் நிமிர்ந்தபோது டீச்சர் தரையில் கிடந்தார்கள். கண்ணாடி யாருடைய காலிலோ நசுங்கிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அப்புறம் போலீஸ் வந்தது. எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் வந்து ஒவ்வொரு மெஷினின் எண்ணையும் சரிபார்த்தார்கள். டீச்சர் சொன்னதுதான் உண்மை. கூட்டம் வந்த சுவடு தெரியாமல் கலைந்தது. ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை, நான் உட்பட.

சந்தேகமே படக்கூடாது என்று நான் சொல்லவில்லை தம்பி. நம் ஓட்டு எங்கே போகிறது, பெட்டியை யார் காக்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல ஆளில்லை என்பதும் நிஜம். ஆனால் உனக்குச் சொன்ன அந்த ‘உள்ளே இருக்கிறவர்’ யார்? உனக்கு அவரைத் தெரியுமா? இல்லை, உனக்கும் யாரோ அனுப்பியதா? ராத்திரியெல்லாம் இதையே யோசிக்கிறேன். எந்தப் பதில் வந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

எண்ணிக்கை அன்று நீ விரும்பிய ஆளே ஜெயித்தார். “நம்ம ஆளு வந்துட்டாரு!” என்று பட்டாசுப் படம் அனுப்பினாய். தெருவிலும் ஒரே கொண்டாட்டம். மெஷினைப் பற்றி அன்றிலிருந்து யாரும் மூச்சுவிடவில்லை. நான் உனக்குப் பதில் அனுப்பாததன் காரணம் இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே டீச்சரின் மகள் மறித்து, “அம்மாவைத் தள்ளினப்போ அங்கதானே நின்னீங்க?” என்று கேட்டாள். தலையாட்டினேன். உள்ளே போய், “டீச்சர், தம்பி பேசினதைத் தெருவுக்கே அனுப்பினது நான்தான்” என்றேன். “தெரியும்” என்றார்கள். பரவாயில்லை என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கிளம்பும்போது மட்டும், “அவனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தாலும் பழையபடி கரும்பலகையில் எழுத வருமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லையாம். பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதையும் மகள்தான் எழுதினாளாம்.

அப்பா தினமும் சாயங்காலம் டீச்சர் வீட்டுத் தெருமுனை வரை போகிறார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு ஏது? நீ தூரத்திலிருந்து பேசினாய், நான் எட்டடியில் நின்று வாயை மூடிக்கொண்டேன். யார் தப்பு பெரிது என்று நாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

டீச்சர் வீட்டு போன் எண் உனக்குத் தெரியும். கூப்பிடு. விளக்கம் எதுவும் சொல்லாதே. யாரோ அனுப்பினார்கள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், அதெல்லாம் வேண்டாம். மகள் போனை எடுத்துத் துண்டித்துவிட்டால் திரும்பவும் கூப்பிடு. நீ பேசிவிட்டால் அப்பா அந்தத் தெருமுனையைத் தாண்டுவார். நானும் அவர் பின்னாலேயே போவேன்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்கவேண்டும், நல்லவனாகவும் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா