ஹீட்டர் ஹோஸில் வைத்த கொய்யாக் கட்டை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அலுவிகாரையில் தங்கச்சி கமலா வீட்டு ஷெட். மைனர் காரை மூடிக் கிடந்த படங்கை இழுத்ததில் அரை மூட்டைத் தூசி, ஒரு எலிக் குடும்பம். கமலாவின் புருஷன், என் மச்சான் சந்திரன், போனதிலிருந்து ஒன்பது வருஷமாக யாரும் தொடாத கார்.

அவர் மகள் நிரோஷாவுக்கு அப்பாவின் காரில்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். "மாமா, ஒங்களால முடியுமா?" என்னிடம் கேட்கிற கேள்வியா. வஹகோட்டைச் சாமியாரின் ஜீப் எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இறக்கினவன் நான். (ஒரு கண்ணில் மருந்து போட்டுக் கட்டியிருந்தது.) கல்யாணத்தன்று ஓட்டப் போவதும் நான்தான். வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று.

கழற்ற: ரேடியேட்டர், ஹெட், ஹீட்டர் பெட்டி.
வாங்க: கேஸ்கட், ஹோஸ் நாலு அடி, கிளிப் ஆறு.

கமலா ஷெட்டுக்குள் வரவில்லை. வெளியே நின்றபடி, "செய்றதச் செய்ங்கண்ணே. ஆனா மொதல்ல அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வரணும்" என்றாள்.

அந்தம்மா என்பது ரிவர்ஸ்டன் வளைவில் நிற்கிற வெள்ளைச் சீலைக்காரி. பல்லேகம போன மச்சானை அங்கே மறித்து, ஓடைப் பள்ளத்தில் விழுத்தினவள். கமலா வருஷா வருஷம் போய் வளையல், மஞ்சள், ஒரு சீலை வைத்துக் கும்பிடுகிறாள். கூடை தூக்குவது நான்.

அவளை உண்டாக்கினதும் நான். எழவு வீட்டில் ஆளாளுக்கு "நீங்கதானே கார் செஞ்சீங்க, ஏன் வளைவுல நின்னுச்சு?" என்றார்கள். பஸ் டிரைவர் ஒருவன் அங்கே ஒரு வெள்ளைச் சீலைக்காரியைப் பார்த்தானாம் என்று கதை விட்டேன். சொல்லச் சொல்ல அவளுக்கு முடி முழங்கால்வரை வளர்ந்தது. இப்போது லொறிக்காரர்களும் அங்கே நிறுத்திக் காசு போடுகிறார்கள்.

ஜூலை 9, புதன்

மழை. ஹெட் கழற்றப் பதினைந்து நிமிஷம். (டீ குடித்த நேரம் சேர்க்கவில்லை. டீ இரண்டரை மணி நேரம்.)

கேஸ்கட் கருகல். தண்ணீர் இல்லாமல் ஓடின எஞ்சின்.

ஹெட்டின் பின்னால் ஹீட்டருக்குத் தண்ணீர் போகிற ஹோஸ். ஹீட்டர் ஒழுகுகிறது என்று மச்சான் அன்று கொண்டுவந்தார். "மாத்தளையில எவனுக்கு ஹீட்டர்?" என்று ஹோஸை வெட்டி, கொய்யாக் கம்பைச் சீவி அடைத்து, கிளிப் போட்டேன். இரண்டு நாளைக்கு என்றுதான் பேச்சு. அவர் போகிறவரை ஐந்து மாதம் மறந்துபோனேன்.

கிளிப் இருக்கிறது. கட்டை இல்லை. கீழே தகரத்தில் கிடந்தது. என் கத்தி வெட்டு அப்படியே. மேடு ஏறும்போது பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர் முழுக்கப் போய், கார் நின்று, மச்சான் தண்ணீர் எடுக்கக் கேனோடு ஓடைக்கு இறங்கி விழுந்திருக்கிறார்.

கட்டை இப்போது என் சட்டைப்பையில். நிரோஷா கேட்டாள்: "என்ன மாமா, இன்னைக்கிக் கத ஒண்ணும் இல்லியா?"

ஜூலை 11, வெள்ளி

வெயில், காற்று. ஹீட்டர் பெட்டி பிரித்தேன், ஈயம் வைத்தேன், புது ஹோஸ். யாரும் கேட்காத வேலை. செய்யாமல் இருக்க முடியவில்லை.

நாலாவது தரத்தில் ஸ்டார்ட். ஹீட்டர் சுவிட்சைத் தட்டினேன். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற சந்திலிருந்து சூடான கராம்பு வாசனை, கார் நிறைய. பீடியை விட்டபிறகு மச்சானுக்குக் கராம்புதான். மென்ற காம்பை அந்தச் சந்தில்தான் செருகுவார். வாசனை அதிலிருந்துதான், தெரியும். ஆனாலும் பக்கத்து சீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை.

சமையல்கட்டிலிருந்து கமலா கரண்டியோடு ஓடிவந்தாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க, அண்ணே?" என்றாள்.

யார் எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஓட்டிப் பார்க்க ரிவர்ஸ்டன். கமலா, நான், கூடை. மேலே போகப்போக மூட்டம்.

வளைவில் அவள் கூடையை வைக்கக் குனிந்தபோது கட்டையை நீட்டினேன். "இங்க யாரும் இல்ல கமலா. அந்தப் பொம்பள நாஞ் சொன்ன கத. கார் நின்னது இதால. நான் வச்ச கட்ட."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒம்போது வருஷமும் கூடைய நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க."

"ஆமா."

"கனக்கலியா?"

மழைத்தூறல் கூடையிலிருந்த சீலையில் விழுந்தது. கட்டையை வளையல்களுக்கு நடுவில் வைத்துக் கூடையை அங்கேயே விட்டாள். "அவ இல்லேன்னா, இத்தன வருஷம் எனக்கு இங்க பதில் சொன்னது யாரு?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக் கேட்டாள்.

திரும்பும்போது முன்னால் ஏறவில்லை. பின் சீட். "குளிருது. ஹீட்டரப் போடுங்க." போட்டேன். கராம்பு.

ரத்தோட்டைப் பாலம் தாண்டினதும் சொன்னாள், "நிரோஷாகிட்ட சொல்ல வேணாம். ஆனா கல்யாணத்தன்னைக்கி இந்தக் கார நீங்க ஓட்டாதீங்க."

சரி என்றேன். சுவிட்சை அணைத்தேன். வாசனை வீடு வரைக்கும் பக்கத்து சீட்டில் வந்தது.